இழுக்காத பழைய டிராக்டர்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால்

நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. வயலில் தண்ணீர் நிற்கிறது. சேற்றுக்கான கேஜ் வீல் மாட்டி வண்டியை இறக்கினால், போன வருஷம் இரண்டாவது கியரில் அடித்த அதே தொழியை (சேற்றுழவை) இந்த வருஷம் முதல் கியரில்கூடத் திணறித் திணறித்தான் அடிக்கிறது. வரப்புத் திருப்பத்தில் உறுமி அணையப் பார்க்கிறது. மெக்கானிக் வருகிறார், ஆக்சிலேட்டரை இரண்டு தடவை ஏற்றி இறக்குகிறார், புகையைப் பார்க்கிறார். "கம்ப்ரெஷன் இல்லண்ணே, இன்ஜின் வேலைதான்."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தம், போய்விட்டது என்பது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். புகையையும் சத்தத்தையும் வைத்துச் சொன்னால் அது ஊகம்தான். அந்த ஊகத்தை நம்பி இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் ஒரு போகத்து வருமானம் பட்டறையில் போய் நிற்கும். அதனால் காசில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, கொஞ்சம் செலவாகிறவற்றுக்குப் போய், இன்ஜினைத் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நான் சொல்லப்போவது டர்போ, எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத, 35 முதல் 40 குதிரைத்திறன் வரையுள்ள மூன்று சிலிண்டர் டீசல் வண்டிகளைப் பற்றி. கணக்கு காட்ட வேண்டிய இடங்களில் பெர்கின்ஸ் ஏடி 3.152 இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். பழைய மாஸி 135இல் வந்தது அதுதான். சென்னை சிம்சன் நிறுவனமும் பெர்கின்ஸ் கூட்டில்தான் டீசல் இன்ஜின் செய்தது என்பதால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அந்த அமைப்பு கைவந்த ஒன்று. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 91.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மில்லிமீட்டர், கம்ப்ரெஷன் விகிதம் 18.5க்கு 1. உங்கள் வண்டிக்கு அளவுகள் வேறாக இருந்தால் கையேட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் முறை ஒன்றுதான்.

முதலில், இன்ஜின்தானா?

சுமையோடு ஓட்டும்போது சத்தத்தைக் கவனியுங்கள். சுமை ஏற ஏற சத்தம் இறங்கி, உறுமி, அணையப் பார்த்தால் இன்ஜினில் பலம் இல்லை. சத்தம் அப்படியே இருக்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் ஓட்டுகிறவருக்கு "இழுக்கல" என்றுதான் தோன்றும். வேலை முடிந்து வந்ததும் பின் சக்கர ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, சொன்னால் கோபம் வரும். போன வருஷம் ஐந்தடி ரொட்டவேட்டர், இந்த வருஷம் பக்கத்து வீட்டு ஆறடி ரொட்டவேட்டர் என்றால் குறை வண்டியில் இல்லை.

அப்புறம் ஆக்சிலேட்டர். பழைய வண்டிகளில் கை லிவரிலிருந்து டீசல் பம்ப் வரை போகும் கம்பிகளும் பின்களும் தேய்ந்திருக்கும். ஒருவர் லிவரை முழுக்க வைக்கட்டும், இன்னொருவர் பம்ப் பக்கம் நின்று பார்க்கட்டும். பம்ப் மேல் இருக்கும் கை அதன் கடைசி ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஒரு விரல் கனம் இடைவெளி இருந்தாலும் முழு வேகம் கிடைக்காது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அது பம்ப் கடையில் வைத்து சீல் பண்ணியது.

புகை சொல்லும் சேதி

சுமையில் கரும்புகை வந்தால் உள்ளே போகிற டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது டீசல் சரியாகத் தூளாகவில்லை. வெள்ளைப் புகை, அதுவும் கண்ணை எரிக்கிற பச்சை டீசல் வாடையோடு வந்தால், டீசல் எரியாமலே வெளியே போகிறது. கம்ப்ரெஷன் குறைவாக இருக்கலாம், நாசில் சொட்டலாம், பம்ப் டீசல் விடும் நேரம் (டைமிங்) பிந்தியிருக்கலாம். (சிலிண்டருக்குள் டீசலைத் தூளாகத் தெளிக்கும் இன்ஜெக்டரை நம் பட்டறைகளில் நாசில் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

புகையே இல்லாமல் பலம் குறைந்தால்? அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. புகையும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போதவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கமே போக வேண்டாம்.

நம் பக்கத்தில் சூட்டுப் பிரச்சினைக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அவற்றில் இன்ஜின் சூடேற வெகுநேரம் ஆகும், அதுவரை வெள்ளைப் புகை வரும். அதைக் கண்டு பயப்படுவதற்கு முன், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று

பழைய வண்டிகளில் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான் இருக்கும். அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் கூழாகி அடியில் சேறு உட்கார்ந்திருந்தால் டீசல் விட்டுக் கழுவி, கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் காற்று திணறும், இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சவும் கூடும். மேலே இருக்கும் கம்பிவலைப் பகுதியையும் டீசலில் அலச வேண்டும். கதிரடிக்கும் காலத்தில் அங்கே வைக்கோல் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருக்கும்.

ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்து, மடிப்புகளுக்குள் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குக் காற்று போதாமல் போவது ஒரு தொல்லை. கீறல் வழியாக வடிகட்டாத காற்று போவது அதைவிடப் பெரிய கேடு. அந்தத் தூசிதான் ரிங்கையும், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரையும் உப்புத்தாள் மாதிரி அரைக்கிறது. ஒரே சீசனில் கம்ப்ரெஷன் போன வண்டி என்றால் நான் முதலில் இந்த ஹோஸைத்தான் பார்ப்பேன்.

சைலன்சரையும் விட்டுவிடாதீர்கள். நாலைந்து மாதம் நின்ற வண்டியில் குளவிக்கூடு இருக்கும். மழைக்குக் கவிழ்த்த டப்பா துருப்பிடித்து உள்ளே விழுந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

டீசல்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருப்போம். இன்ஜின் வேலை இல்லாமலே தீர்கிற காரணங்களில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கும்.

எங்கள் வண்டி ஒரு சித்திரையில் கோடை உழவின்போது விசித்திரமாக நடந்துகொண்டது. ஒன்பது கொத்துக் கலப்பையில் பத்து நிமிஷம் நன்றாக இழுக்கும், அப்புறம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். பீடி குடிக்கிற நேரம் நிழலில் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிஷம் இழுக்கும். பம்ப் போய்விட்டது என்றார்கள். கழற்றிக்கொண்டு போக ஆளும் தயார். கடைசியில் டேங்க்கை முழுக்க வடித்துப் பார்த்தபோது அடியில் ஒரு வெள்ளி நிறத் தாள். பூச்சிமருந்து கேனின் வாயில் ஒட்டியிருக்கும் அந்த அலுமினியச் சீல். டீசல் வாங்க அந்தக் கேனைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். ஓடும்போது டீசலோடு இழுபட்டு அடி ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றால் உறிஞ்சல் நின்று விலகி மிதக்கும்.

ஓடி, தளர்ந்து, நின்று, மறுபடி ஓடினால் டேங்க் வெளியேறும் வழியையும், டேங்க் மூடியில் இருக்கும் காற்று ஓட்டையையும் பாருங்கள். மூடி ஓட்டை அடைத்திருந்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. சோதிப்பது எளிது. வண்டி தளரும் நேரத்தில் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் ஆள் கிடைத்துவிட்டது.

அடுத்து, டேங்க்கிலிருந்து பம்ப் வரை வரிசையாகப் போங்கள். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே இருக்கும் சல்லடை, ஃபில்டர்கள். போன சீசன் டீசல் டேங்க்கில் கிடந்திருந்தால் அடியில் தண்ணீர் இருக்கும். ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் கீழே தனியாகத் தேங்கி நிற்கும். ஃபில்டர் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பிறகு ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் நட்டை இளக்கி, ஃபீட் பம்பின் கைநெம்பை அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டீசல் கனமாக, குமிழி இல்லாமல் வர வேண்டும். நூல் மாதிரி வந்தால் எங்கேயோ அடைப்பு, அல்லது ஃபீட் பம்பின் உள் ஜவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. (அது கிழிந்தால் டீசல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.) நுரை நுரையாக வந்துகொண்டே இருந்தால் வண்டி ஏர் எடுக்கிறது. சந்தேகப்படுகிற இடத்தில் ஒரு சாண் தெளிந்த பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பம்ப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, சூடான பிறகு அணைத்தால் மறுபடி எடுக்கவே மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டரி பம்பாக இருந்தால் அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஆற விட்டுப் பாருங்கள். ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் பம்பின் உள் பாகம் தேய்ந்திருக்கிறது, சூட்டில் டீசல் இளகி உள்ளேயே கசிந்துவிடுகிறது. அது பம்ப் கடை வேலை. இன்ஜினைத் திறந்தால் தீராது.

எந்தச் சிலிண்டர் தூங்குகிறது?

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால், மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று கேட்க வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலைவிடக் கொஞ்சம் மேலே, ஒரே சீராக ஓட விடுங்கள். கியர் நியூட்ரல், பிடிஓவை (கருவிகளைச் சுழற்றும் தண்டு) விடுவித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

நாசிலுக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டை, நாசில் முனையில், அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். டீசல் அந்த இடத்தில் கசிந்துவிடும், அந்தச் சிலிண்டருக்குப் போகாது. நல்ல சிலிண்டராக இருந்தால் உடனே சத்தம் மாறும், இன்ஜின் நொண்டும், ஆட்டம் காணும். நட்டை இறுக்கியதும் சரியாகும். இப்படி ஒன்று, இரண்டு, மூன்று. எதை இளக்கியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் தூங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. அந்தக் குழாயில் வருவது நூற்றுக்கணக்கான பார் (அழுத்தத்தின் அளவு) அழுத்தத்தில் உள்ள டீசல். கசிகிற இடத்துக்கு நேராக விரலைக் கொண்டுபோனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின மாதிரி ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கண்ணாடி போடுங்கள், நட்டின் மேல் கனமான துணியைச் சுற்றிவிட்டு ஸ்பேனரைப் பிடியுங்கள். அப்படி ஏதாவது குத்திவிட்டால் வலி இல்லையே என்று இருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போனதைச் சொல்லுங்கள்.

தூங்கும் சிலிண்டர் தெரிந்த பிறகு அதன் நாசிலையும் பக்கத்துச் சிலிண்டரின் நாசிலையும் இடம் மாற்றிப் போட்டு, மறுபடி இதே சோதனை. கோளாறு நாசிலோடு சேர்ந்து நகர்ந்தால் நாசில்தான் குற்றவாளி. பம்ப் கடையில் கொடுத்து அழுத்தம், ஸ்ப்ரே, சொட்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு அதே சிலிண்டரிலேயே நின்றால் டேப்பட் (வால்வு இடைவெளி), கம்ப்ரெஷன், அபூர்வமாகப் பம்ப்.

நாசிலைக் கழற்றும்போது கரி பிடித்து வராமல் அடம்பிடிக்கும். நெம்பி உடைக்காதீர்கள், முதல் நாள் ராத்திரியே சுற்றி டீசல் விட்டு ஊற வையுங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது செப்பு வாஷரில். பழைய வாஷர் நாசிலோடு வராமல் பள்ளத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் புது வாஷரையும் போட்டு இறுக்கினால் இரண்டு வாஷர் ஆகி, நாசில் மூக்கு உள்ளே நீள வேண்டிய அளவு நீளாது, டீசல் தப்பான இடத்தில் அடிக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

டேப்பட்

கம்ப்ரெஷன் அளப்பதற்கு முன் டேப்பட் பார்க்காதவர் பிறகு வருத்தப்படுவார். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, அங்கேயே காற்று கசியும். மேலே சொன்ன பெர்கின்ஸ் இன்ஜினுக்கு, ஆறிய நிலையில் 0.30 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு.

மூன்று சிலிண்டர் இன்ஜினில் எரியும் வரிசை 1-2-3. முதல் சிலிண்டரின் இன்லெட் வால்வு கீழே போய் மேலே வருவதைப் பார்த்து, அதற்குப் பிறகு ஏறக்குறைய அரைச் சுற்று கிராங்க் புல்லியை (இன்ஜின் முன்பக்கத்துச் சக்கரம்) திருப்புங்கள். அப்போது இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆடும். (இடைவெளியே இல்லாத வால்வு என்றால் அது ஆடாது, அதுவே ஒரு சேதிதான்.) இரண்டின் இடைவெளியையும் 0.30க்கு வையுங்கள். அடுத்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றினால் இரண்டாவது சிலிண்டர், இன்னொரு மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்றாவது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் பிளேடு வெண்ணெயில் போகிற மாதிரி போகக் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. கொஞ்சம் உரசிக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் வண்டியில் இரண்டாவது சிலிண்டர் தூங்கியது. நாசிலை மாற்றிப் போட்டும் அதுவே தூங்கியது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் முதல் சிலிண்டர் 26 பார், மூன்றாவது 25, இரண்டாவது 17. ரிங் போயிற்று என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வால்வு மூடியைத் திறந்து பார்த்தால் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மெல்லிய பிளேடுகூட நுழையவில்லை. சீட் தேய்ந்து வால்வு மேலேறி இடைவெளியைத் தின்றுவிட்டிருக்கிறது. 0.30 வைத்து மறுபடி அளந்தபோது 23. அந்தச் சீசனை அப்படியே ஓட்டி முடித்து, தை அறுப்புக்குப் பிறகு ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு அரைத்தோம். லைனரில் கையே வைக்கவில்லை.

கம்ப்ரெஷனை அளப்பது

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி அது கொதித்து, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்று கசிந்தால் சூடு போதாது. டீசல் பிந்திப் பற்றும், அல்லது பற்றாமலே வெளியே போகும். பேட்டரி நன்றாக இருந்தும் மார்கழிக் காலையில் இறக்கத்தில் உருட்டினால்தான் ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் இந்தப் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

கேஜ் இல்லாமலே ஒரு முதல் சோதனை உண்டு. ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அடித்து, கண்ணை மூடிக் கேளுங்கள். 'ர்ர்ரும்-ர்ர்ரும்-ர்ர்ரும்' என்று சம தாளமாக வந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. 'ர்ர்ரும்-ர்ர்ரும்-ரி' என்று ஒவ்வொரு மூன்றாவது தாளமும் எளிதாக ஓடிவிட்டால் ஒரு சிலிண்டர் காலி.

அளப்பதற்கு டீசல் கம்ப்ரெஷன் கேஜ்தான் வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜை மாட்டினால் முள் சுழன்று முட்டும், கேஜே வெடிக்கலாம். 40 பாருக்கு மேல் காட்டுகிற கேஜும், உங்கள் நாசில் பள்ளத்துக்குப் பொருந்தும் அடாப்டரும் வேண்டும். வாங்கத் தேவையில்லை, பம்ப் கடையில் வாடகைக்கோ தெரிந்தவர் என்ற முறையிலோ கிடைக்கும்.

இன்ஜின் சூடாக இருக்கட்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், ஏனென்றால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றுங்கள். மூன்று நாசில்களையும் எடுத்துவிட்டு, ஸ்டாப் லிவரை இழுத்துக் கட்டுங்கள். கழற்றிய ஓட்டைகளுக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம், டீசல் பனி மாதிரி பீறிடும். ஒரு சிலிண்டருக்கு ஆறேழு அடிப்பு வரும்வரை ஸ்டார்ட்டரைப் பிடியுங்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை.

நேரடியாக டீசல் பாயும் இந்த வகை இன்ஜின்களில் 25 முதல் 32 பார் வரை இருந்தால் பொதுவாக ஆரோக்கியம். 20க்குக் கீழே போனால் குளிரில் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். ஆனால் எண்ணைவிட வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். மூன்றும் 23 காட்டுகிற பழைய வண்டி இன்னும் இரண்டு வருஷம் உழும். 28, 28, 20 காட்டுகிற வண்டியில் திருத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் நடுவே போயிருக்கலாம்.

முள் ஏறுகிற விதத்தையும் பாருங்கள். முதல் அடிப்பில் குறைவாக ஆரம்பித்து அடிக்க அடிக்க மெல்ல ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். முதல் அடிப்பிலும் குறைவு, கடைசி வரை ஏறவும் இல்லை என்றால் வால்வு பக்கம்.

ஆயில் விட்டுப் பார்ப்பது என்று ஒரு சோதனையை எல்லோரும் சொல்வார்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து, கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. பெட்ரோல் இன்ஜினில் அது சரி. நம் இன்ஜினில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 833 சி.சி. 18.5க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 48 சி.சி. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி ஆயில் விட்டாலே பத்தில் ஒரு பங்கு இடம் அடைபட்டு, ரிங் எப்படி இருந்தாலும் முள் இரண்டு மூன்று பார் கூடத்தான் காட்டும். அதனால் 20 என்பது 22 ஆனால் எதையும் முடிவு செய்யாதீர்கள். 17 என்பது 25 ஆனால் ரிங் என்று நம்பலாம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடவே விடாதீர்கள். ஆயிலை நெருக்க முடியாது. அதிகமாகிப் பிஸ்டன் முட்டினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சோதனை முடிந்ததும் நாசில் மாட்டுவதற்கு முன் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயிலை வெளியேற்றிவிடுங்கள்.

காற்றடித்துக் கேட்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் காற்று எங்கே கசிகிறதோ அங்கேயே சத்தம் கேட்கும். பழைய நாசில் ஒன்றின் உள்பாகங்களை எடுத்துவிட்டு, பின்பக்கம் ட்யூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்தால் கருவி தயார். பஞ்சர் கடைக் கம்ப்ரெஸர் போதும்.

சந்தேகப்படுகிற சிலிண்டரை, இரண்டு வால்வும் மூடியிருக்கிற மேல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வண்டியை மேல் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துப் பூட்டுங்கள். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. 6 பார் காற்று இந்தப் பிஸ்டன் மேல் 400 கிலோ எடை மாதிரி அழுத்தும். சட்டென்று இன்ஜின் சுற்றினால் ஸ்பேனர் கையை முறித்துவிடும். 2, 3 பாரிலேயே ஆரம்பியுங்கள், கேட்பதற்கு அது போதும்.

ஏர் கிளீனர் ஹோஸில் 'ஸ்ஸ்' என்றால் இன்லெட் வால்வு. சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்து நாசில் ஓட்டையில் காற்று வந்தால் நடுவே கேஸ்கெட். ஆயில் ஊற்றும் வாயில் காதை வைத்துக் கேட்டால் ரிங். ரிங்கில் எப்போதுமே கொஞ்சம் கசியும், அதன் இரு முனைகளுக்கு நடுவே வாய் இடைவெளி இருக்கிறதல்லவா. மெல்லிய மூச்சு மாதிரி என்றால் விடுங்கள். ஊதுகிற மாதிரி வந்தால்தான் கவலை.

இதை இன்ஜின் ஓடும்போதும் சரிபார்க்கலாம். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் சகஜம். துள்ளிக் கீழே விழுந்து, புகையும் கூடவே வந்தால் நெருக்கிய காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

திறந்தே ஆக வேண்டும் என்றால்

வால்வு, கேஸ்கெட் என்று தெரிந்தால் ஹெட் மட்டும். போரைத் தொட வேண்டாம். ஹெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால் எந்த வால்வு ஒழுகுகிறது என்று கண்முன்னே தெரியும். ஹெட்டின் முகம் நெளிந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முன்பு ஒருமுறை சூடேறிய வண்டியாக இருந்தால் கட்டாயம்.

ரிங் என்று தெரிந்தால், ரிங் மட்டுமா லைனரும் சேர்த்தா என்ற கேள்வி வரும். போர் கேஜ் இல்லாமல் அதற்கு ஒரு வழி உண்டு. புது ரிங் ஒன்றை லைனருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக உட்கார வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளக்கவும். முதலில் மேலே, ரிங் அதிகம் தேய்க்கிற இடத்தில். அடுத்து மிகக் கீழே, தேய்மானமே இல்லாத இடத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். மேலே 1.0, கீழே 0.4 என்றால் வித்தியாசம் 0.6, தேய்மானம் ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு வந்த லைனரில் ரிங் மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது. 0.05, 0.08 என்று இருந்தால் ரிங் போட்டு ஓட்டலாம். கணக்கை மெக்கானிக்கிடம் காட்டினால் முதலில் சிரிப்பார், அடுத்த வண்டிக்கு அவரே செய்வார்.

வேலை முடிந்து வண்டி வந்ததும், ஒருமுறை நன்றாகச் சூடாக்கி ஆற விட்டு, கையேட்டில் சொல்லியிருந்தால் ஹெட் போல்ட்டுகளை அதே வரிசையில் மறுபடி இறுக்கி, டேப்பட்டையும் திரும்ப வையுங்கள். புது ரிங் போட்ட வண்டியை மணிக்கணக்காக ஐடிலில் ஓட விடாதீர்கள். ரிங் லைனரோடு பழகுவதற்குச் சுமை வேண்டும். முதல் 50 மணி நேரம் பாதிச் சுமையில் டிரெய்லரோ, ஒன்பது கொத்துக் கலப்பையை ஆழம் குறைத்தோ ஓட்டுங்கள், தொழிக்கு இறக்க வேண்டாம். 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அன்றைக்கே மூன்று சிலிண்டரையும் மறுபடி அளந்து, தேதியோடு பானட் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை வண்டி திணறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்று எண்கள் வேண்டும்.